ஹைபிரிட் கார்: வாங்குமுன் காது கொடுத்துக் கேளுங்கள்

பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்து இருக்கும் ஹைபிரிட் காரை முதன்முறையாக ஓட்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பொத்தானை அழுத்தினேன், ஒரு சத்தமும் இல்லை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று நினைத்தேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பூனை மாதிரி நகர்ந்தது என்பார்கள். அந்த முதல் அரை நிமிட அமைதியில் மனதைப் பறிகொடுத்து வண்டியை வாங்கியவர்கள் உண்டு. அப்புறம் ஒரு நாள், வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலைச் சாலையில் ஏறும்போது இன்ஜின் திடீரென்று அலறும். அன்றைக்கு அவ்வளவு அமைதியாக இருந்த வண்டியா இது என்று திகைத்துப் போவார்கள்.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த அமைதியும் இந்த அலறலும் ஒரே அமைப்பிலிருந்து வருபவை. ‘ஹைபிரிட்’ என்று ஒரே பெயரில் விற்கப்படும் கார்களுக்குள் நான்கைந்து வெவ்வேறு இயந்திர அமைப்புகள் இருக்கின்றன. இன்ஜினும் சக்கரமும் ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அதில் கேட்கும் சத்தமும், உட்கார்ந்து போகும் சுகமும், பெருமளவுக்குச் செலவும் அமைகின்றன. மைலேஜ் எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

டொயோட்டா ஏன் அலறுகிறது?

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார். அதன் அடிப்படை அமைப்பை அந்த நிறுவனம் இன்றுவரை மெருகேற்றிக்கொண்டே வருகிறது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் சிறிய பல்சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு வளையம். சூரியனும் கோள்களும் போன்ற அமைப்பு என்பதால் ‘கோள் பல்சக்கரம்’ (பிளானட்டரி கியர்) என்று பெயரும் அப்படியே வந்தது. கோள்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின் இணைந்திருக்கும். நடுச்சக்கரத்தில் ஒரு மோட்டார், வெளிவளையத்தின் பக்கம் இன்னொரு பெரிய மோட்டார், அங்கிருந்து சக்கரங்கள். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்ச் இல்லை, நழுவும் பெல்ட் இல்லை, ஒன்று இரண்டு என்று மாறும் கியர் இல்லை. மாறுவதற்குக் கியரே இல்லாதபோது கியர் மாறும் குலுக்கல் எங்கிருந்து வரும்? நகர நெரிசலில் இந்த அமைப்பு தரும் சொகுசுக்கு ஈடு சொல்வது கடினம்.

ஆனால் இதே அமைப்பில் இன்ஜின் சுழலும் வேகத்துக்கும் கார் ஓடும் வேகத்துக்கும் இருந்த பழைய பந்தம் அறுந்துவிடுகிறது. இந்த நொடிக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணினி பார்க்கும். அதற்கு எந்தச் சுழற்சி சிக்கனமோ அங்கே இன்ஜினைக் கொண்டுபோய் நிறுத்தும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் இன்ஜின் ஒரே பாய்ச்சலில் நிமிடத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் சுற்றுக்குப் போய் அங்கேயே நின்று கத்தும். கார் பின்னால் மெதுவாக வேகம் பிடிக்கும். சத்தமும் வேகமும் கைகோத்து ஏறிய கார்களில் பல வருடம் பழகிய காது நம்முடையது. அந்த வரிசை மாறினால் ஏதோ உடைந்துவிட்டது போலப் பதறுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. ஹைபிரிட் கார்களில் பெரும்பாலும் அட்கின்சன் முறை இன்ஜின்கள் இருக்கின்றன. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1882-ல் காப்புரிமை பெற்ற கருத்து அது. இன்றைய கார்களில் அதை வால்வைக் கொண்டு சாதிக்கிறார்கள். காற்று உள்ளே வரும் வால்வை வழக்கத்தைவிடத் தாமதமாக மூடுவார்கள். உள்ளே வந்ததில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். சுருங்கும் அளவைவிட விரியும் அளவு கூடுதலாக இருப்பதால் எரிபொருளின் வெப்பத்திலிருந்து அதிக வேலை வாங்க முடிகிறது. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை பிரியஸின் இன்ஜின் 40 சதவீத வெப்பத் திறனை, அதாவது எரிபொருளின் வெப்பத்தில் 40 சதவீதத்தை வேலையாக மாற்றும் அளவை, எட்டியதாக டொயோட்டா அறிவித்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு அது பெரிய எண். இதற்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் விசை குறைவு. அதிக சக்தி வேண்டுமென்றால் அதிகம் சுழன்றாக வேண்டும், சுழன்றால் சத்தம் வரும். மைலேஜ் தரும் அதே குணம்தான் ஏற்றத்தில் அலறவும் வைக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், கூடுதல் ஹார்ஸ்பவரை வேகப்பிரியர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கச் சந்தையில் நான்காம் தலைமுறை பிரியஸ் மொத்தம் 121 குதிரைத்திறன் தந்தது. 2023 மாடலாக வந்த ஐந்தாம் தலைமுறை, பெரிய 2 லிட்டர் இன்ஜினோடு 194 தருகிறது. ஒரே ஏற்றத்தை ஏற இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சக்தி போதும். பழைய வண்டிக்கு அது மூச்சுத் திணறும் வேலை, புதிய வண்டிக்கு அதில் பாதி பாடு. ஹைபிரிட்டில் சக்தி என்பது அமைதிக்காக வைத்திருக்கும் சேமிப்பு என்றே நான் பார்க்கிறேன். ஒரே காரில் சிறிய இன்ஜின், பெரிய இன்ஜின் என்று இரண்டு ஹைபிரிட் வகைகள் இருந்து, அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவராக நீங்கள் இருந்தால், பெரியதை ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

மற்றவர்கள் பிடித்த வழிகள்

ஹோண்டாவின் ஹைபிரிட் அமைப்பான இ:எச்இவி வேறு பாதையில் போகிறது. நகரத்தில் இன்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டராகத்தான் வேலை பார்க்கும். மின்சாரம் மோட்டாருக்குப் போய், மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு பூட்டிவிடும். டாப் கியர் மட்டுமே உள்ள கார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்த அம்சம் காதுக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை. முடுக்கும்போது கியர் மாறுவதுபோல இன்ஜின் சுழற்சியை ஏற்றி, சட்டென்று இறக்கி, மறுபடி ஏற்றுகிறார்கள். உண்மையில் அங்கே மாறுவதற்குக் கியர் இல்லை. சத்தம் வேகத்தோடு சேர்ந்து ஏறுவதாக மூளை நம்பினால் எரிச்சல் குறைகிறது. வெறும் ஏமாற்று வேலை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் பேட்டரி காலியான நேரத்தில் நீண்ட ஏற்றம் வந்தால் இந்த வண்டியும் கத்தத்தான் செய்யும்.

நிசான் இன்னும் ஒரு படி தள்ளிப் போனது. 2016 நவம்பரில் ஜப்பானில் நோட் காரில் அறிமுகமான இ-பவரில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இயந்திரத் தொடர்பே கிடையாது. எப்போதும் மோட்டார்தான் ஓட்டும், இன்ஜின் மின்சாரம் தயாரிக்க மட்டும். அதனால் எந்த நேரத்தில் இன்ஜினை ஓட்டுவது என்பதில் நல்ல சுதந்திரம் கிடைக்கிறது. சாலை கரடுமுரடாகி டயர் சத்தம் கூடும் இடத்தைக் கண்டறிந்து, அந்த இரைச்சலின் மறைவில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பின்னால் வந்த மாடல்களில் சேர்த்தார்கள். குழந்தை தூங்கும் வீட்டில், தெருவில் லாரி போகும் நேரம் பார்த்து மிக்சியைப் போடும் தாயின் சாமர்த்தியம் அது. நகரத்துக்குள் மின்சாரக் காருக்கு மிக நெருக்கமான ஓட்டம் இதில் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில்தான் இடிக்கிறது: இயந்திர விசையை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி விசையாக்கும்போது வழியில் கொஞ்சம் வீணாகும். நாள் முழுக்க ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகிறவருக்கு இது சரியான தேர்வு அல்ல.

ஹுண்டாய், கியா கார்களில் பலவற்றில் வழக்கமான 6 வேக ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி அப்படியே இருக்கிறது. இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே மோட்டாரையும் ஒரு கிளட்சையும் நுழைத்திருக்கிறார்கள். சத்தம் பழகிய சத்தம், முடுக்கமும் பழகிய முடுக்கம். நீண்ட முனகலைத் தாங்காத காதுகளுக்கு இதுதான் உகந்தது. பதிலுக்கு, ஊர்ந்து போகும் நெரிசலில் இன்ஜின் வந்து சேரும் நொடியில் மெல்லிய இடிப்பு ஒன்று தெரியலாம். அதைச் சிலர் உணரவே மாட்டார்கள், சிலரால் அதைத் தவிர வேறெதையும் உணர முடியாது. நீங்கள் எந்த ரகம் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஜினுக்குச் சின்ன மோட்டார் ஒன்று கைகொடுக்கும் 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. பொதுவாக அதனால் மின்சாரத்தில் மட்டும் காரை ஓட்ட முடியாது. சிக்னலில் அணைந்த இன்ஜினை நடுக்கம் இல்லாமல் மறுபடி உயிர்ப்பிப்பதில் அது கெட்டி, அந்தச் சுகம் உண்மையானது. முழு ஹைபிரிட் அமைதியை எதிர்பார்த்து அதை வாங்கினால் மட்டும் ஏமாற்றம்தான்.

இன்ஜின் அடங்கியபின் எழும் சத்தங்கள்

ராத்திரி மின்விசிறியை நிறுத்தினால் கடிகாரத்தின் டிக் டிக் கேட்கும். அதுவரை கடிகாரம் ஓடாமல் இல்லை. ஹைபிரிட் காரிலும் அப்படித்தான், இன்ஜின் அடங்கியதும் டயரின் உறுமல், கண்ணாடி ஓரம் சீறும் காற்று, பின் இருக்கைப் பக்கம் ஓடும் பேட்டரி விசிறி, இன்வெர்ட்டரின் மெல்லிய ரீங்காரம் என்று ஒவ்வொன்றாக மேலே வரும். மெதுவாகப் போகும்போது இன்ஜின் சத்தம்தான் பெரிது; வேகம் கூடக் கூட டயர் அதை முந்தும்; நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஹைபிரிட் என்ற முத்திரை உங்களுக்கு வாங்கித் தரும் அமைதி முக்கியமாக நகர வேகத்துக்கானது. நெடுஞ்சாலை அமைதியைத் தருவது டயர், கண்ணாடி, கதவுரப்பர், தரையடியில் ஒட்டிய பஞ்சு ஆகியவை. அவை விலை குறைந்த வகைகளில் முதலில் வெட்டப்படும் பொருட்களும்கூட.

சக்கரத்தின் அளவை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் ஐந்தாம் தலைமுறை முன்சக்கர பிரியஸின் அடிப்படை வகை ஒரு கேலனுக்கு 57 மைல், அதாவது லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதே காரின் உயர்ந்த வகைகளுக்கு 52 மைல்தான், லிட்டருக்கு 22 கிலோமீட்டர். இன்ஜின் ஒன்றே, பேட்டரி ஒன்றே. கண்ணில் படும் பெரிய வித்தியாசம் அடிப்படை வகையில் 17 அங்குலச் சக்கரம், உயர்ந்த வகைகளில் 19 அங்குலம் என்பது. பெரிய சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். பள்ளத்தில் இறங்கும் அடியை வாங்கிக்கொள்ள அங்கே ரப்பரும் காற்றும் குறைவு. அதிகப் பணம் கொடுத்து, குறைந்த மைலேஜையும் கடினமான சவாரியையும் வாங்கிக்கொள்கிறோம். அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை, ஆனால் முதுகுவலி உள்ளவருக்கு அந்த அழகு வேண்டாம்.

சத்தத்தை அளக்கப் போனில் செயலி இருக்கிறது, பலரும் டெஸிபல் எண்ணை ஒப்பிடுகிறார்கள். 10 டெஸிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரு மடங்காகக் கேட்கும். 3 டெஸிபல் வித்தியாசமே கவனித்தால் தெரியக்கூடியது. ஒரே சாலையில், ஒரே வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றி, ஏசி விசிறியை ஒரே அளவில் வைத்து அளந்தால் மட்டுமே அந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. அப்படி அளந்தாலும் எண் முழு உண்மையைச் சொல்லாது. சீரான காற்றோசையில் தூங்கிவிடலாம். அதைவிடக் குறைந்த டெஸிபலில் விட்டுவிட்டு வரும் முனகல் தலைவலியைக் கொடுத்துவிடும்.

வெளியே இருப்பவர்களுக்கு இந்த அமைதி ஆபத்து, குறிப்பாகப் பார்வையற்றவர்களுக்கு. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்சாரத்தில் ஓடும்போது ஹைபிரிட் கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்பது விதி. 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்துகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கும் அந்த விண்வெளிக் கப்பல் ஓசை இதுதான். அதை அணைக்க வழி தேடாதீர்கள்.

பிரேக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாக மிதிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைத் தடுக்கும். இன்னும் அழுத்தினால் வழக்கமான பிரேக் பட்டைகளும் சேரும். இரண்டும் கைமாறும் இடத்தில் தையல் தெரியாமல் இருக்க வேண்டும். பழைய ஹைபிரிட்கள் சிலவற்றில் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சட்டென்று கவ்விப் பிடிக்கும், பின்னால் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். வாந்தி வரும் குழந்தைகளோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால் டெஸ்ட் டிரைவில் பின் இருக்கையில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

சரி, டெஸ்ட் டிரைவில் வேறு என்ன செய்வது? நிறைந்த பேட்டரியோடு ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதில் எதுவும் தெரியாது. பேட்டரி அளவு கீழே இறங்கும்வரை ஓட்ட வேண்டும். நான்கு பேர் ஏறிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் மேம்பாலமோ மேடோ இருந்தால் ஏசி முழுவதும் ஓட அதில் ஏற வேண்டும். பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் பத்து நிமிடம், ரேடியோ இல்லாமல், பின் இருக்கையில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போக வேண்டும். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அதுவே விடை. விற்பனையாளர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பத்து வருடம் உட்காரப்போகும் இருக்கை அது.

காசுக்குக் கட்டுமா?

இங்கே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 8 தரும் பெரிய வண்டி 12 தரும் ஹைபிரிட்டாக மாறினால், 100 கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர் செலவானது 8.3 ஆகக் குறைகிறது. நான்கு லிட்டருக்கு மேல் மிச்சம். 20 தரும் சின்ன கார் 25 தரும் ஹைபிரிட்டானால் 5 லிட்டர் 4 ஆகிறது. ஒரே லிட்டர்தான் மிச்சம். முதலில் கூடியது 4, அடுத்ததில் கூடியது 5. ஆனால் பணம் மிஞ்சுவது முதல் வண்டியில்! கனமான குடும்ப வண்டிகளில்தான் ஹைபிரிட் சீக்கிரம் முதலைத் திருப்பித் தருகிறது. அமெரிக்காவில் 2021 மாடல் முதல் சியன்னா வேனையும், 2025 மாடல் முதல் கேம்ரியையும் டொயோட்டா ஹைபிரிட்டாக மட்டுமே விற்கிறது.

சாதாரண வகைக்கும் ஹைபிரிட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, 100 கிலோமீட்டருக்கு உங்களுக்கு மிஞ்சும் பெட்ரோல் பணத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் எண்ணை நூறால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டரில் கணக்கு நேராகும் என்று தெரிந்துவிடும். நின்று நின்று ஓடும் நகர ஓட்டம் என்றால் மிச்சம் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு பிரேக்கிலும் வீணாகியிருக்கும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. பிரேக்கே மிதிக்காத நெடுஞ்சாலையில் திரும்ப எடுக்க எதுவும் இல்லை. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய்வருகிறவருக்கும் பெரிய லாபம் கிடையாது. இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும்.

பராமரிப்பைப் பற்றிய பயம் பெரும்பாலும் பழைய பயம். டொயோட்டா அமைப்பில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஏசி கம்ப்ரசரும் தண்ணீர் பம்பும் மின்சாரத்தில் ஓடின. இன்ஜினுக்கு முன்னால் தேய்ந்து அறுபட ஒரு பெல்ட்கூட இல்லை. இதில் சொகுசும் சேர்ந்தே வந்தது: சிக்னலில் இன்ஜின் அணைந்திருந்தாலும் ஏசி குளிரும். பிரேக் பட்டைகளும் வெகு காலம் உழைக்கும். அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023-ல் வெளியிட்ட உரிமையாளர் ஆய்வில், பெட்ரோல் கார்களைவிட ஹைபிரிட்களில் 26 சதவீதம் குறைவான பிரச்சினைகள் பதிவாயின. அதே ஆய்வில், வெளியிலிருந்து செருகிச் சார்ஜ் போடும் பெரிய பேட்டரி கொண்ட பிளக்-இன் ஹைபிரிட்களில் 146 சதவீதம் அதிகம். ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டுக்குள் அவ்வளவு தூரம்.

பிளக்-இன்னைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தினமும் ராத்திரி சார்ஜ் போடும் வசதியும் பழக்கமும் இருந்தால், இந்தப் பட்டியலிலேயே அமைதியான வண்டி அதுதான். சார்ஜ் போடாவிட்டால் கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும் வண்டி அது. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், நிஜச் சாலையில் இந்த வண்டிகளின் கரியமில வாயு உமிழ்வு சோதனைக்கூட எண்ணைப்போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. முக்கியக் காரணம், உரிமையாளர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடாததுதான்.

பேட்டரி எத்தனை வருடம் வரும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஹைபிரிட் பேட்டரி போன் பேட்டரி மாதிரி நடத்தப்படுவதில்லை. அடிமட்டம்வரை காலியாகவும் விடமாட்டார்கள், விளிம்புவரை நிரப்பவும் மாட்டார்கள், நடுப்பகுதியில் மட்டும் ஏற்றி இறக்குவார்கள். அதனால்தான் நீண்ட ஆயுள். டொயோட்டா 2020 மாடல்கள் முதல் அமெரிக்காவில் ஹைபிரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் தருகிறது. 1,50,000 மைல் என்பது 2,40,000 கிலோமீட்டருக்கும் மேல்.

பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. பல மாடல்களில் பின் இருக்கையின் அடியிலோ பக்கத்திலோ ஒரு சின்ன காற்றுத்துளை இருக்கும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்று அதன் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. அங்கே பையை அடுக்கி மறைத்தாலோ, நாய் முடியும் தூசியும் வடிகட்டியில் அடைத்தாலோ முதலில் விசிறிச் சத்தம் கூடும், பிறகு பேட்டரி சூடாகும். பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன்பே அந்தத் துளையின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வடிகட்டியைப் பார்த்துவிடுவது நல்லது.